எமது முன்னறையில் தங்கிய தொண்டர்

விழா மலர்க் குழுவினர் எம்மிடம் வேண்டியது கணிதக் கல்வியைப் பற்றிய கட்டுரை. முப்பதாண்டுக்கு மேலாகக் கரும்பலகையோடு போராடியவர் வேறெதைப்பற்றி எழுதப்போகின்றார் என்று அவர்கள் எண்ணியது இயல்பே. நாமும் அவ்வாறே எழுதத் தொடங்கினோம். இரண்டு பக்கம் எழுதியபின் எமக்கே உறக்கம் வந்துவிட்டது. ஆதலின் அதனை மடித்து வைத்துவிட்டு, எமது வீட்டு முன்னறையில் இரண்டாண்டு தங்கியிருந்த ஓர் அயல்நாட்டு இளைஞரைப் பற்றி எழுதத் துணிந்தோம். அவர் எமது கல்லூரியிற் படித்தவரல்லர், எமது சமயத்தவரல்லர், எமது நாட்டவருமல்லர். ஆயினும் கல்லூரியை விட்டகன்றபின் நாம் கற்ற பாடமொன்று அவர் வாயிலாக வந்தது என்பதனால், பழைய மாணவர் மலரில் அவருக்கு ஓரிடம் கேட்பது தவறாகாது என்று நம்புகின்றோம்.

1988 ஆம் ஆண்டு கண்டி நகரத்துப் பாடசாலையொன்றிற்கு மாற்றலாகிச் சென்ற நாம், நகரில் வாடகை கட்டுப்படியாகாமையால் கெலிஓயாவிற் குடியேறினோம். மலைநாட்டை அறியாத அன்பர்க்காக அவ்வூரைச் சிறிது சொல்லுதும். பேராதனையிலிருந்து கம்பளைக்குச் செல்லும் பெருந்தெருவில், மகாவலி கங்கைக்கு அணித்தாக அமைந்த சிறு கடைத்தெரு அது. ‘ஓயா’ என்பது சிங்களத்திற் சிற்றாறு. புகையிரத நிலையமும் உண்டு. விரைவு வண்டிகள் அதனைப் பொருட்படுத்தாமல் ஊதிக்கொண்டே கடந்து போகும். கடைகளிற் பெரும்பாலன முஸ்லிம்களுடையவை. சுற்றிலுமுள்ள வயலும் தோப்பும் சிங்கள மக்களுடையவை. மேலே ஏறிச்சென்றால் தேயிலை, தேயிலையின் நடுவே லயங்கள். மூன்று மொழிகளும் ஒரே பஸ் வண்டியில் நெருக்கிக்கொண்டு நிற்கும். யாழ்ப்பாணத்தின் வெட்டவெளியிற் பிறந்த எமக்கு முதலிரண்டு மாதமும் மூச்சு முட்டியது. எப்பக்கம் நோக்கினும் மலை. மாலை மூன்று மணிக்கே வெயில் ஒளிந்துகொள்ளும். உடுத்தும் வேட்டி ஒருபோதும் முற்றக் காய்வதில்லை. பின்னர் பழகிவிட்டது. காலை ஆறரை மணிக்குப் பஸ், மாலை நான்கு மணிக்குத் திரும்புதல், விடுமுறை வந்தால் வடக்கே ஊர் செல்லுதல்: இவ்வாறு எட்டாண்டு கழிந்தது. வீட்டின் பின்புறத்தே தொடங்கும் ஒற்றையடிப் பாதை மேலேயுள்ள தோட்டத்திற்குச் செல்வது என்பதை அறிந்திருந்தோம். அதில் ஒருநாளேனும் ஏறினோமல்லோம்.

1996 ஜனவரி 31 இல் கொழும்பு மத்திய வங்கியிற் குண்டு வெடித்தது. அதன்பின் சில கிழமைகளில், தொண்டர் நிறுவனமொன்றின் அலுவலர் எம்மிடம் வந்து, தோட்டப் பாடசாலையில் ஆங்கிலம் கற்பிக்க வரும் ஸ்கொட்லாந்து இளைஞர் ஒருவருக்கு அறை வேண்டும் என்றார். வயது இருபத்துமூன்று; பட்டதாரி; இரண்டாண்டு தங்குவார். எமக்கு ஐயம் எழுந்தது. வெள்ளைக்காரர் சேவை செய்ய வருகிறார் என்றால் இந்துக் கல்லூரியில் வளர்ந்த எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது மிசனே அன்றோ! எமது கல்லூரி போன்றவை தோன்றியதே அவர்களுக்கு எதிரீடாகத்தானே. ஆதலின் முதல்நாளே, “நீர் எந்தச் சபையைச் சேர்ந்தவர்?” என்று நேராகவே கேட்டுவிட்டோம். அவர் சிரித்து, தாம் தேவாலயத்துக்குப் போய்ப் பல வருடமாகிறது, தம் தாயாருக்கு அதுவே பெருங்கவலை என்றார். எம் மனைவியார் அன்றிரவே, “தாயைக் கவலைப்படுத்துற பிள்ளைக்கு வீட்டைக் குடுக்கிறியள்” என்று எம்மைக் கடிந்துகொண்டது வேறு கதை.

நியாயமாகச் சொல்லின், மிசனாரிகளிலும் யாம் வணங்கத்தக்கோர் இருந்தனர். 1847 இல் இருபத்தைந்து வயதளவில் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் கிறீன், மானிப்பாயிலிருந்து தமிழிலேயே மேலைத்தேய மருத்துவம் கற்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். ஆனால் இவ்விளைஞர் வந்த வழி வேறு. முதலாம் உலகப் போர் முடிந்தபின், 1920 இல், பியேர் செரசோல் என்னும் சுவிற்சர்லாந்துக்காரர் சில நண்பரோடு பிரான்சில் வெர்டன் போர்க்களத்தின் அருகே எஸ்ன் என்னும் கிராமத்துக்குச் சென்று, இடிந்த வீடுகளைத் தம் கையாற் கட்டத் தொடங்கினார். அவரே 1934 இல் பீகார் நிலநடுக்கத்தின்பின் இந்தியாவுக்கு வந்து மண் சுமந்தார். பிரித்தானியாவில் 1958 இலும் அமெரிக்காவில் 1961 இலும் இளைஞரை அயல்நாடுகளுக்கு அனுப்பும் அமைப்புகள் தோன்றின; அமெரிக்கச் சமாதானப் படையினர் 1962 இலேயே இலங்கைக்கு வந்தனர். போதிக்க வரவில்லை, கூடவிருந்து வேலை செய்ய வந்தோம் என்பதே இவர்கள் கூற்று. கூற்றெல்லாம் செயலாவதில்லை என்பதை நாம் அறிவோம்; வந்தோருள் உல்லாசப் பிரயாணிகளும் பலர் இருந்திருப்பர்.

எமது தொண்டருக்குக் கிடைத்த மாதப்படி ஏறக்குறைய எமது சம்பளத்தின் அளவே. இதை அறிந்தபோது எம் மனைவியார் வாடகையைக் குறைத்தார். அவர் எம்மை அண்ணை என்றும் எம் மனைவியாரை அக்கா என்றும் அழைத்தார். எமக்கு அவர் தம்பி. விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, குளிர் நடுங்கும் தொட்டித் தண்ணீரை வாளியால் அள்ளித் தலையில் ஊற்றும்போது அவர் எழுப்பும் ஒலியே எமக்கு அலாரமாயிற்று. முதல் மாதத்தில் இடியப்பத்தைக் கையால் உண்ணத் தெரியாமல் சொதி முழங்கை வரை வழிந்தது. மூன்றாம் மாதத்தில் கட்டச் சம்பலுக்குக் கண்ணீர் வடித்துக்கொண்டே இரண்டாந்தரம் கேட்டார். சாரம் உடுக்கக் கற்றார்; அது அவிழ்ந்து விழாமல் நடக்கக் கற்க மேலும் சில கிழமை சென்றது. ஏழு மணிக்கு ஒரு குடையும் ஒரு பையுமாகப் பின்பாதையில் ஏறிவிடுவார். மழைக்காலத்தில் அட்டைகள் காலில் மொய்க்கும். அவற்றிற்குச் சவர்க்காரம் பூசும் வித்தையைப் பிள்ளைகள் கற்பித்தனர். மாலையில் இருட்டியபின் இறங்கி வருவார். பாக்கெட்டில் யாரேனும் தந்த கொய்யாப்பழமோ ரொட்டித் துண்டோ இருக்கும்.

தமிழ் கற்ற கதையைச் சொல்லாமல் விடுதல் முறையன்று. அவர் தம் ஊரிலேயே ஒரு பழைய இலக்கணப் புத்தகத்தை வைத்துப் படித்து வந்திருந்தார். கெலிஓயாத் தேநீர்க் கடையில் முதன்முதல், “ஐயா, எனக்குத் தேநீர் வேண்டும்; சர்க்கரை இடாதீர்” என்று சொல்ல, கடைக்கார நானா கையில் இருந்த கேத்தலைக் கீழே வைத்துவிட்டு, இன்னொருதரம் சொல்லும்படி கேட்டாராம். அதன்பின் அவர் எம்மிடம் கற்பார் என்றே எதிர்பார்த்தோம். தூய தமிழ் பேசுவோர் நாமே என்னும் செருக்கு யாழ்ப்பாணத்தவர்க்கு உண்டு, அதை மறைப்பானேன்! ஆனால் நாளடைவில் அவர் வாயில் வந்தது தோட்டத்துத் தமிழ். “தம்பி, உது என்ன தமிழ்? எங்கடை தமிழைப் படியுமன்” என்று எம் மனைவியார் கேட்டார். “அக்கா, பிள்ளைங்க பேசுற தமிழ் எனக்கு மொதல்ல வேணும்” என்றார் அவர். அந்த ‘மொதல்ல’ என்னும் சொல் எம் காதில் நெடுநாள் உறுத்தியது.

விடுமுறைகளில் அவர் ஓயாது திரிந்தார். பதுளை வரை மூன்றாம் வகுப்பில் புகையிரதக் கதவடியில் நின்றுகொண்டே போய் வந்தார். பெரகராக் காண நண்பகலிலிருந்தே கண்டித் தெருவோரத்தில் குந்தியிருந்தார். 1997 தை மாதத்தில் எம்மையும் அழைத்துக்கொண்டு சிவனொளிபாத மலைக்குச் சென்றார். அட்டன் வரை வண்டி, பின் பஸ், நல்லதண்ணியிலிருந்து இரவெல்லாம் படி. 2243 மீற்றர் உயரமுள்ள அம்மலையைக் கடைக்கார நானா ஆதம் மலை என்பார். எம் வீட்டுக்காரரான சிங்களப் பெரியவர் சிறீபாத என்பார். எமது தொண்டர் நடுவழியில் மூச்சிரைக்க அமர்ந்திருந்தபோது, தோட்டத்துக் கிழவியொருவர் பேரப்பிள்ளையை இடுப்பிற் சுமந்தபடி அவரைக் கடந்து போனார். போகிற போக்கில், “ஏறுங்க தம்பி, பாதி வந்தாச்சு” என்றார். பாதியன்று, கால்வாசிதான். உச்சியில் அது அவருக்குத் தெரிந்தபோது அவர் சிரித்த சிரிப்பு இன்னும் எம் நினைவில் உள்ளது.

இலங்காதிலகத்துக்கு நாம் சென்றதும் அவர் தூண்டுதலாலேயே. கெலிஓயாவுக்கு மேற்கே தவுலகலைப் பக்கத்தில், கம்பளை அரசர் காலத்துக் கோயில்கள் மூன்று ஒன்றுக்கொன்று அண்மையில் உள்ளன. எம்பெக்கேயில் கதிர்காமக் கடவுளுக்கு மரத்தூண் மண்டபம். கடலாதெனியாவில் கணேஸ்வராசாரி என்னும் தென்னாட்டுச் சிற்பி அமைத்த கற்கோயில். பாறை மேல் வெண்ணிறமாய் நிற்கும் இலங்காதிலகம். பின்னிரண்டும் 1344 இல் எழுந்தவை. இலங்காதிலகத்தில் புத்தர் கோயிலைச் சூழக் கணபதியும் குமரனும் விபீடணனும் வீற்றிருக்கின்றனர். எட்டாண்டு அயலில் இருந்தும் இவற்றை நாம் கண்டதில்லை. அங்கே பாறையிற் சிங்களச் சாசனத்தோடு தமிழ்ச் சாசனமும் உண்டென்று தம்பி எங்கோ படித்திருந்தார். பாறையருகே எம்மை நிறுத்தி, “அண்ணை, வாசிங்க” என்றார். நாம் கண்ணாடியைத் துடைத்தோம்; குனிந்தோம்; நிமிர்ந்தோம். ஆறரை நூற்றாண்டுக்கு முந்திய எழுத்து எமக்குப் பிடிபடவில்லை. இரண்டோர் எழுத்தைக் காட்டி, இது ககரம், இது மகரம் என்று சமாளித்தோம். அவர் மரியாதையாகத் தலையசைத்தார்.

ஆனால் வடக்கே அவரால் வரமுடியவில்லை. 1995 ஒக்டோபர் 30 இல் யாழ்ப்பாண மக்கள் ஓரிரவில் வெளியேறித் தென்மராட்சிக்கு நடந்தபோது எம் தாயாரும் அவர்களுள் ஒருவர். தரைப்பாதை மூடியிருந்தது; அவர் மீண்டும் ஊர் திரும்பிவிட்டார் என்ற கடிதம் எமக்கு வந்துசேர மாதங்கள் பிடித்தன. கல்லூரியின் மண்டபத்தையும் மைதானத்தையும் விடுதிச் சாப்பாட்டையும் பற்றி நாம் இரவு வேளைகளில் தம்பிக்குச் சொல்வோம். ஒருமுறை அவர், “அண்ணை, நானும் நீங்களும் இங்க வெளிநாட்டுக்காரங்கதானே?” என்றார். சோதனைச் சாவடியில் அவருடைய கடவுச்சீட்டைப் புன்னகையோடு திருப்பிக் கொடுப்பர். எமது அடையாள அட்டையைப் பிறந்த இடம் பார்த்து வெயிலில் வைத்திருப்பர். ஆதலின் அவர் கூற்றை மறுக்கத் தோன்றவில்லை. எம் நிலைக்கு இரங்குவதில் நாம் அக்காலத்தில் மிகுந்த சுகம் கண்டோம் என்பதை இப்போது ஒப்புக்கொள்ளலாம்.

1996 ஆம் ஆண்டு நடுப்பகுதியில் ஒரு ஞாயிறு, நகருக்குச் சென்ற தம்பி, மகியாவ மயானத்தில் ஜேம்ஸ் ரெயிலரின் கல்லறையைக் கண்டு திரும்பினார். ரெயிலரும் ஸ்கொட்லாந்துக்காரர், 1852 இல் இங்கு வந்தவர். 1867 இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டு, இந்நாட்டுத் தேயிலைத் தொழிலுக்கு வித்திட்டார். கண்டிக்குப் புகையிரதம் வந்ததும் அதே ஆண்டில். இரண்டாண்டின்பின் கோப்பிச் செடியை நோய் பற்றியழிக்கத் தொடங்கவே தேயிலை மலையெங்கும் பரவிற்று. 1892 இல் ரெயிலர் இறந்தபோது, பருத்த உடலராகிய அவருடைய பெட்டியை இருபத்துநான்கு பேர் இரு அணியாகத் தோள் மாற்றித் தோட்டத்திலிருந்து கண்டிவரை சுமந்து வந்தனர் என்பர். இதையெல்லாம் சொல்லிய தம்பி, “அண்ணை, அந்த இருபத்துநாலு பேரோட கல்லறை எங்க?” என்று கேட்டார். அவர் எம்மைக் குற்றஞ்சாட்டிக் கேட்கவில்லை. வழி கேட்பவர்போலக் கேட்டார். தெரியாதென்றோம்.

அதன்பின்னரே அச்சிறுமியின் பேச்சை எடுத்தார். அவருடைய தோட்டப் பாடசாலை சாதாரண தர வகுப்புவரை உயர்த்தப்பட்டுச் சில காலமே ஆகியிருந்தது. அதில் முதன்மையாகக் கற்ற பெண் ஒருத்தி டிசம்பரில் பரீட்சை எழுதவேண்டியவள். பரீட்சைக்குத் தேசிய அடையாள அட்டை வேண்டும்; அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும்; அவளுக்கு அஃதில்லை. ஆங்கிலத்தில் கடிதம் எழுதிப் பார்த்தும் தம்பியால் ஒன்றும் ஆகவில்லை. தமிழிலும் சிங்களத்திலும் படிவம் நிரப்பவும் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கவும் உள்ளூர் ஆள் வேண்டும். “நீங்க வருவீங்களா?” என்றார். நாம் சொன்ன விடையை அப்படியே எழுதுகின்றோம்: “அது தோட்டத்து ஆக்களின்ரை விஷயம், தம்பி. அவைக்குத் தொழிற்சங்கம் இருக்கு.”

அவர் ஒன்றும் பேசவில்லை. அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை என்று எழுதினால் அழகாயிருக்கும். ஆனால் நன்றாகவே உறங்கினோம். அடுத்த நாள் மாலை எம் மனைவியார்தாம், “போட்டு வாருங்கோவன், என்ன குறைஞ்சு போகும்?” என்று குடையை எடுத்துக் கையில் தந்தார்.

ஏறினோம். நாற்பது நிமிட ஏற்றம். லயம் என்பதைத் தூரத்திலிருந்து பார்த்திருந்தோமேயன்றி உள்ளே புகுந்ததில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. முன்னே ஒரு சிறு திண்ணை. புகை கறுத்த தகரக் கூரை. அவ்வறையில் ஆறு பேர். சுவரில் முருகன் படமும், பழைய நாட்காட்டியும், அச்சிறுமி பெற்ற பாடசாலைப் பரிசுச் சான்றிதழும் இருந்தன. பாட்டியார் ஒரேயொரு நாற்காலியைச் சேலைத் தலைப்பாற் துடைத்து இட்டார். பின் எம்மை நேராகப் பார்த்து, “மாஸ்டர், நம்ம வூட்ல தேத்தண்ணி குடிப்பீங்களா?” என்று கேட்டார்.

அன்பர்களே, அக்கேள்வியின் பொருள் எமக்கு விளங்காமலில்லை. குடிக்கமாட்டோம் என்று எம்மூரவர் அவர் போன்றோரிடம் எத்தனை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறார்கள் என்பதும் எமக்குத் தெரியும். குடிப்போம் என்றோம். விருந்தினர்க்கென்று வைத்திருந்த கண்ணாடிக் கோப்பையிற் சாயத்தண்ணி வந்தது. எமக்குப் பேச்சு வராமையால், “எங்களை உங்களுக்கு முன்னமே தெரியுமோ?” என்று கேட்டுவைத்தோம். பாட்டியார், “எட்டு வருசமா பஸ்ஸுக்கு நிக்கிறப்ப பாக்குறோமே மாஸ்டர். நீங்கதான் மேல பாக்கல்ல” என்றார்.

அவருடைய தமையனார் 1964 ஒக்டோபர் 30 இற் செய்யப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ்த் தலைமன்னாரிலிருந்து இராமானுஜம் கப்பலேறி இராமேசுவரம் சென்று, நீலகிரிப் பக்கத்தில் வாழ்வதாகச் சொன்னார். 1984 இல் அக்கப்பற்சேவை நின்றபின் அவர்கள் ஒருவரையொருவர் காணவேயில்லை. அவ்வொப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமாகப் பங்கிட்டது. மீதி 1,50,000 பேரை 1974 இற் பாதி பாதியாகப் பிரித்தனர். 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவரானோரின் கணக்கு இவ்வாறு நடந்தது. 1949 இல் தமிழரசுக் கட்சி பிரிந்து தோன்றியதற்கு அச்சட்டமே முதற்காரணம் என்பதைக் கல்லூரி விவாத மேடையில் நாமே முழங்கியிருக்கின்றோம். பரிசும் பெற்றோம். அந்த எண்களுள் ஒருவரோடு தேநீர் பருகியது அன்றுதான்.

கந்தோர் வேலையைப் பற்றி விரித்தால் மலர் கொள்ளாது. தோட்டத்துப் பிறப்பு தோட்டக் கந்தோர் வழியே பதிவாளருக்குச் செல்லவேண்டும். இடையில் எவரேனும் சோம்பினால் ஒரு பிள்ளை பிறக்காததாகிவிடும். பதிவு இல்லையென்றால் உத்தேச வயதுச் சான்றிதழ். அதற்குச் சத்தியக் கடதாசி, சமாதான நீதவானின் ஒப்பம், கிளினிக் அட்டை. பதிவு இருந்தாலோ பெயர் பிழைத்திருக்கும். இலட்சுமி என்னும் எளிய பெயரை நான்கு வகையாக எழுதிய கோவையொன்றை நாமே கண்டோம். நான்கும் ஒருத்தியே என்று மெய்ப்பிக்க ஆறு மாதமாயிற்று. சிங்களப் படிவங்களை எம் வீட்டுக்காரப் பெரியவர் தம் கண்ணாடியை மூக்கின் நுனியில் வைத்துக்கொண்டு நிரப்பித் தந்தார். சில இடங்களில் இரக்கமுள்ள எழுதுவினைஞர் இருந்தனர்; சில இடங்களில் நாளை வா என்பதே மந்திரம்.

அச்சிறுமிக்கு அவ்வாண்டுப் பரீட்சை தப்பிவிட்டது. நாம் ஒரு மாதம் முன்னதாக ஏறியிருந்தால் ஒருவேளை தப்பியிராது. அந்த ஓராண்டு எமது கணக்கிலேயே எழுதப்படவேண்டியது. 1997 டிசம்பரில் எழுதினாள். இதற்குள் வேறு பெற்றோரும் இறங்கி வரத் தொடங்கியிருந்தனர். நாற்பது பக்க அப்பியாசக் கொப்பியொன்றில் தம்பி பெயர்களை எழுதினார். எமது பணி அவற்றைக் கடிதமாக்குதல். ஞாயிறுகளில் எம் வீட்டு முற்றம் ஒரு சிறு கந்தோராயிற்று. எல்லாம் வெற்றியென்று எண்ணவேண்டாம். ஒரு சிறுவனுக்குப் பதிவேடு எங்கும் அகப்படவில்லை, தாய் இறந்திருந்தாள், சத்தியக் கடதாசி தர வேண்டியவர் தர மறுத்தார். அவன் படிப்பை விட்டுக் கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்குப் போனான். கொப்பியில் அவன் பெயரின் எதிரே தம்பி இட்ட கேள்விக்குறி இன்னும் அப்படியே உள்ளது.

1998 ஜனவரி 25, ஞாயிறு, விடியற்காலை. கெலிஓயாவில் இருந்த எமக்கு ஒன்றும் கேட்கவில்லை, வானொலிதான் சொல்லிற்று. தலதா மாளிகை வாயிலிற் குண்டு வெடித்தது. சுதந்திரத்தின் ஐம்பதாமாண்டு விழா கண்டியில் நடைபெறவிருந்த வேளை. பின்னர் அது கொழும்புக்கு மாற்றப்பட்டது. கடைகள் மூடின. தொண்டர் நிறுவனம் அன்றே வாகனம் அனுப்பித் தம்பியைக் கொழும்புக்கு அழைத்துக்கொண்டது. போகமாட்டேன் என்று அவர் அடம்பிடித்தார். எம் மனைவியார் அவருடைய பையைத் தாமே கட்டி வாகனத்தில் வைத்தார்.

இரண்டாம் நாளிரவு எம்மை விசாரணைக்கென்று அழைத்துச் சென்றனர். பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்பதே வினாவும் விடையும். அவ்விரவைப் பற்றி எழுத விருப்பமில்லை. அடி விழவில்லை, அவ்வளவு சொன்னாற் போதும். காலையில் வெளியே விட்டபோது, வாசலிலிருந்த வாங்கில் எம் வீட்டுக்காரப் பெரியவர் அமர்ந்திருந்தார். எமக்காகப் பேசி உறுதி கூறியவர் அவரே. அருகில் கடைக்கார நானா. சற்றுத் தள்ளி, மதிலோரமாக, கம்பளி போர்த்தபடி லயத்திலிருந்து வந்த மூவர் நின்றனர். அவர்களுள் அச்சிறுமியின் தந்தையும் ஒருவர். அவர்களும் தமிழர், அந்நேரத்தில் அங்கு நிற்பது அவர்களுக்கு எவ்வளவு ஆபத்து என்பது எமக்குத் தெரியும். இரவு முழுவதும் நின்றார்களாம். அன்றைய பெரட்டுக்கு அவர்கள் போகவில்லை. அன்றைய பேரும் அவர்களுக்கு விழுந்திராது. ஒருவரும் பெரிதாக எதுவும் பேசவில்லை. “வாங்க மாஸ்டர், போவோம்” என்றார் அத்தந்தை.

தம்பி தம் பொருள்களை எடுக்க ஒருநாள் மட்டும் வந்து, கொப்பியை எம்மிடம் தந்துவிட்டுப் போனார். அமெரிக்கச் சமாதானப் படையும் அவ்வாண்டிலேயே இலங்கையிற் தன் பணியை நிறுத்திக்கொண்டது. பெறுபேறு வந்தபோது அச்சிறுமி சித்தியடைந்திருந்தாள். கணிதத்தில் திறமைச் சித்தி. (அப்பாடத்துக்கு ஞாயிறு மாலைகளில் யார் உதவினார் என்று கேட்கவேண்டாம்.) கடிதம் எழுதினோம். விடையாக வந்தது ஒரு படத் தபாலட்டை. அதன் பின்புறத்தில், எழுத்துப் பிழை ஏராளமான தமிழில், பாட்டியாருக்கு முதலிற் சொன்னீர்களா என்று மட்டும் கேட்டிருந்தார். சொல்லியிருந்தோம். கொப்பி நிறைந்தபின் இன்னொரு கொப்பி வாங்கினோம். 2003 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் வந்தபோது மூன்றாவதும் வாங்க நேர்ந்தது. இளைப்பாறும் வரை அவ்வேலை ஓயவில்லை.

2015 இல் அவர் தம் மகளோடு மீண்டும் வந்தார். தலைமயிர் பாதி போய்விட்டது. கெலிஓயாவில் இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் மேலேயே கழிந்தன. பாட்டியார் அதற்கு முன்னரே காலமாகிவிட்டார். அவரைப் புதைத்த இடத்தைக் கேட்டுச் சென்று தேயிலை நடுவே சிறிது நேரம் நின்றார். மறுநாள் யாழ்தேவியில் வடக்கே புறப்பட்டோம். அவ்வண்டி மீண்டும் யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கி ஓராண்டும் ஆகவில்லை. இருபதாண்டுக்கு முன் இரவுகளில் நாம் வருணித்த மண்டபத்தையும் மைதானத்தையும் காணவேண்டும் என்பதே அவர் விருப்பம்.

கல்லூரி வாயிலில் காவலாளியிடம் தம் வரவின் நோக்கத்தைத் தாமே விளக்கினார். “நம்ம மாஸ்டர் படிச்ச ஸ்கூலுங்க. சும்மா பாத்துட்டுப் போயிர்றோம்” என்றார். காவலாளி அவரை மேலுங்கீழும் நோக்கினார், எம்மை நோக்கினார், பின் எம்மருகே வந்து, தாழ்ந்த குரலில், “ஐயா, இவர் மலையகப் பக்கத்து ஆளோ?” என்று கேட்டார்.

“ஓம், கெலிஓயா” என்றோம். கதவைத் திறந்துவிட்டார்.